சதுப்பு நிலத்துப் பங்குக்கோயில்

லண்டனிலிருந்து வடகிழக்கே கடலோரமாகப் போகும் ஏ12 நெடுஞ்சாலை, சஃபோக் கவுன்டியில் பிளைத் என்ற சின்ன ஆற்றைக் கடக்கிறது. ஓதம் ஏறும்போது அந்த இடம் ஏரி போல விரிந்து கிடக்கும். இறங்கினால் சேறும் நாணலும்தான். அதன் கரையில் லேசான மேட்டின்மேல் ஒரு பெரிய கற்கோயில் நிற்கிறது. பக்கத்திலுள்ள ஊரின் பெயர் பிளைத்பரோ. மக்கள்தொகை சுமார் 300. கோயிலோ ஏறத்தாழ 127 அடி நீளம், 54 அடி அகலம். ஊர் முழுவதையும் உள்ளே உட்கார வைத்தாலும் பாதிக்குமேல் காலியாகத்தான் இருக்கும்.

சுற்றுவட்டாரத்தார் இதை ‘சதுப்பு நிலத்துப் பேராலயம்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆனால் பேராலயம் என்றால் ஆயர் ஒருவரின் இருக்கை அங்கே இருக்க வேண்டும். இங்கே எந்த ஆயரும் இருந்ததில்லை. இது ஒரு பங்குக்கோயில். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்றும் தென்னிந்தியத் திருச்சபையார் ‘சேகரம்’ என்றும் சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு குருவானவர், அவருடைய பொறுப்பில் ஒரு ஊரோ சில ஊர்களோ, அந்த மக்களுக்கு ஒரு கோயில். இடைக்கால இங்கிலாந்து முழுவதும் இப்படி ஏறத்தாழ 9,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பங்கில் பிறந்தார்கள், அதன் தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றார்கள், அதன் மண்ணில் அடக்கமானார்கள்.

இங்கிலாந்தின் இடைக்காலத்தை அறிய அரண்மனைகளையும் பேராலயங்களையும் பார்த்தால் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவை அரசரும் ஆயரும் கட்டியவை. பங்குக்கோயிலில்தான் மீனவரும் ஆட்டுக்காரரும் கம்பளி வியாபாரியும் விதவைகளும் தங்கள் காசைப் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கோயில் எப்படி எழும்பியது, எப்படிச் சிதைந்தது, எப்படித் தப்பியது என்ற மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க பிளைத்பரோவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதலில் ஊர். இன்று சின்னதாகக் கிடக்கும் பிளைத்பரோ ஒரு காலத்தில் சிறிய ஊர் அல்ல. 7-ஆம் நூற்றாண்டின் நடுவில், கிழக்கு ஆங்கிலியாவின் கிறிஸ்தவ அரசர் அன்னா, மெர்சியா நாட்டுப் பெண்டாவோடு நடந்த போரில் மாண்டார். அவர் உடல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது என்பது 12-ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்று சொல்லும் செய்தி. (அன்னா என்பது இங்கே ஆண்பெயர்.) இந்த ஊரில் கிடைத்த திமிங்கில எலும்பாலான எழுதுபலகை ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் காலம் 8-ஆம் நூற்றாண்டு. ஊரில் பெரும்பாலோர் எழுத்தறியாத காலத்திலேயே இந்த ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பிறகு 12-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் சபைத் துறவிகளின் சிறிய மடம் ஒன்று வந்தது. சந்தை கூடியது. கடலிலிருந்து ஆற்று வழியே படகுகள் ஊர்வரை வந்து போயின. கம்பளியும் மீனும் பணம் கொண்டு வந்தன.

இப்போதிருக்கும் கோயிலில் மிகப் பழைய பகுதி மேற்கேயுள்ள மணிக்கோபுரம். அது 14-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம், உயரம் சுமார் 83 அடி. மற்ற எல்லாவற்றையும் 15-ஆம் நூற்றாண்டில் இடித்துக் கட்டினார்கள். அதற்கான உரிமையை 1412-ல் அரசர் நான்காம் ஹென்றி மடத்துக்கு வழங்கினார்.

இடைக்காலப் பங்குக்கோயிலின் அமைப்பு கேட்டால் எளிது. கிழக்கு முனையில் பலிபீடம். அதைச் சுற்றிய பீடப்பகுதி குருவானவருடையது. மேற்கே நீண்டு கிடக்கும் கூடம் மக்களுடையது. இந்தப் பிரிவினை செலவிலும் உண்டு. பீடப்பகுதியைப் பழுது பார்ப்பது தசமபாகம் வாங்குகிறவரின் கடமை. விளைச்சலில் பத்தில் ஒன்று அவருக்குப் போகிறதல்லவா? மக்கள் நிற்கும் கூடத்தையோ மக்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பிளைத்பரோவில் தசமபாகம் மடத்துக்குப் போயிற்று. இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் சிறிய, பழைய பீடப்பகுதியோடு மிகப் பெரிய புதிய கூடம் ஒட்டி நிற்பதைப் பார்த்தால் காரணத்தை ஊகித்துவிடலாம். ஒரு பக்கத்தார் செலவழிக்கத் தயங்கினார்கள், மறுபக்கத்தார் வாரி இறைத்தார்கள். பிளைத்பரோவில் அந்த வேறுபாடு தெரியவில்லை. மேற்கிலிருந்து கிழக்குவரை ஒரே கூரையாக ஓடுகிறது.

மக்கள் ஏன் வாரி இறைத்தார்கள்? பக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பக்திக்குத் திட்டமான ஒரு கணக்கு இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நேரே மோட்சத்துக்கும் போவதில்லை, நரகத்துக்கும் போவதில்லை. இடையிலுள்ள உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்து தூய்மையாக வேண்டும். உயிரோடிருப்பவர்கள் அவர்களுக்காக வேண்டிக்கொண்டால் அந்தக் காலம் குறையும். ஆகவே ஒருவர் கோயிலுக்கு ஒரு சன்னல் கொடுத்தால், அதன் அடியில் ‘இன்னாரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று எழுதி வைப்பார்கள். சன்னலைப் பார்ப்பவர்கள் எல்லாம் அவருக்காக ஒரு ஜெபம் சொல்வார்கள். வசதி உள்ளவர் பணம் விட்டுப்போய், தனக்கென்று பூசை வைக்கத் தனிக் குருவானவரையே அமர்த்திக்கொள்வார். இந்த ஊரின் நிலக்கிழார் ஜான் ஹாப்டன் அப்படித்தான் செய்தார். 1478-ல் இறந்த அவருடைய கல்லறை, பீடப்பகுதிக்கும் ஹாப்டன் குடும்பச் சிற்றாலயத்துக்கும் இடையே இன்றும் இருக்கிறது. அவ்வளவு வசதி இல்லாதவர்கள் ஒரு மெழுகுதிரிக்கோ ஒரு இருக்கைக்கோ சில காசுகளை உயிலில் எழுதினார்கள். 15-ஆம் நூற்றாண்டு சஃபோக் உயில்கள் இப்படிப்பட்ட கொடைகளால் நிறைந்திருக்கின்றன.

கட்டிய கைகளையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள முடிகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில், பிளைத்பரோவுக்குச் சில மைல் கிழக்கே, வால்பர்ஸ்விக் என்ற மீனவர் ஊர். அங்கே 1426-ல் கோயில் கோபுரம் கட்டப் போட்ட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. கட்ட ஒப்புக்கொண்ட கொத்தனார்கள் இருவர். ஒருவர் டன்விச் ஊர் ரிச்சர்ட் ரஸல். மற்றவர் ஆடம் பவுல், பிளைத்பரோக்காரர். கூலி உயரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. கோபுரம் ஒரு கெஜம் எழும்பினால் 40 ஷில்லிங். கைதேர்ந்த கொத்தனாரின் நாள்கூலி அப்போது சுமார் 6 பென்ஸ்தான். 40 ஷில்லிங் என்றால் 480 பென்ஸ், அதாவது 80 நாள் கூலி. அதோடு ஆண்டுக்கு ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன். ஆளுக்கு ஒரு மேலங்கி. கல், சுண்ணாம்பு, மணல், தண்ணீர், சாரமரம் எல்லாம் ஊர்ப் பொறுப்பு. வேலை செய்யவும் உண்ணவும் படுக்கவும் ஒரு வீட்டையும் ஊர் தர வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்க் கோபுரங்களைச் சுட்டி, அதைப் போலச் சுவர், இதைப் போல வாசல் என்று மாதிரியும் சொல்லியிருக்கிறார்கள். அயலூர்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்து ‘அதைப் போல வேண்டும்’ என்று கேட்கும் ஊர்க்கூட்டம் கண்முன் வருகிறது.

வேலை செய்ய வேண்டிய மாதங்களையும் அதே ஒப்பந்தம் குறிக்கிறது. மார்ச் கடைசியில் வரும் மாதா திருநாளில் தொடங்கி, செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் சம்மனசு திருநாளோடு நிறுத்திவிட வேண்டும். சுண்ணாம்புச் சாந்து மெல்ல இறுகுவது. ஈரம் காயுமுன் பனி உறைந்தால் உதிர்ந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் சுவர் எழும்பாது. கோபுரம் ஆண்டுக்குச் சில கெஜம் என்று பல ஆண்டுகளில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பதெல்லாம் ஃபிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல். வயலில் ஏர் ஓட்டினால் கொழுவில் இடறும், கடற்கரையில் குவிந்து கிடக்கும். கடினமானது, ஆனால் உருண்டை உருண்டையாக இருப்பதால் மூலை பிடிக்க முடியாது. எனவே சுவரின் உடம்பை ஃபிளின்ட்டும் சாந்துமாகக் கட்டி, மூலைகளுக்கும் சன்னல் சட்டங்களுக்கும் மட்டும் சுண்ணாம்புக்கல்லைத் தொலைவிலிருந்து படகில் வரவழைத்தார்கள். இந்தக் குறையையே அவர்கள் அழகாக்கிக்கொண்டதுதான் வியப்பு. ஃபிளின்ட்டைச் சுத்தியலால் பிளந்தால் உள்ளே கண்ணாடி போலக் கறுத்து மின்னும். அந்தக் கறுப்பு முகத்தை வெளியே காட்டி, வெளிர்க்கல்லில் வெட்டிய வடிவங்களுக்குள் இழைத்துப் பதித்தார்கள். பிளைத்பரோவின் கிழக்குச் சுவரில் பெரிய சன்னலுக்குக் கீழே இந்த முறையில் லத்தீன் எழுத்துகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சொல்லின் முதலெழுத்து. திரித்துவத்தையும் மாதாவையும் அன்னம்மாளையும் போற்றிப் புதுப்பித்துக் கட்டியது என்று அதை வாசிக்கிறார்கள்.

இப்போது உள்ளே போவோம். கதவைத் தாண்டியதும் முதலில் தெரிவது வெளிச்சம். இங்கிலாந்தில் 14-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பரவிய கட்டடப் பாணி ஒன்று உண்டு. சன்னலின் கல்சட்டங்கள் வளைந்து நெளியாமல் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் ஓடும். ஆங்கிலத்தில் அதன் பெயரே செங்குத்துப் பாணி என்ற பொருள் தருவது. பாரத்தைத் தூண்கள் வாங்கிக்கொள்ள, சுவரில் பெரும்பகுதி சன்னலாகிவிடும். பிளைத்பரோவில் தூண்வரிசைக்கு மேலே, கூரையை ஒட்டி, பக்கத்துக்கு 18 சன்னல்கள் இடைவெளியே இல்லாதது போல ஓடுகின்றன. வடகடல் ஓரத்து வானத்தின் ஒளி முழுவதும் அவற்றின் வழியே இறங்குகிறது. வழவழப்பற்ற செங்கல் தரை, வெள்ளைச் சுவர், பழுப்பேறிய ஓக் மரம். ஆடம்பரம் எங்கும் இல்லை.

அண்ணாந்து பார்த்தால் வானதூதர்கள். கூரையின் உத்திரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும், சிறகு விரித்த வானதூதர் உருவங்களை முதுகோடு முதுகாக வைத்திருக்கிறார்கள். ஒன்று கிழக்கைப் பார்க்கும், மற்றது மேற்கை. எல்லாம் ஓக் மரத்தில் செதுக்கியவை. மார்புக்கு நேரே கேடயம் பிடித்திருக்கின்றன. இன்று ஒரு டஜன் அளவில் மிஞ்சியிருக்கின்றன. கூரைப் பலகைகளிலும் உத்திரங்களிலும் பூச்சு இன்னும் போகவில்லை. வெளிறிய பின்னணியில் சிவப்பும் பச்சையுமாகப் பூக்கள், நடுவே இயேசுவின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள். அச்சுத்தகடு வைத்து வண்ணம் ஒற்றியிருக்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வண்ணம் இது. யாரும் மேலே ஏறிப் புதுப்பூச்சு பூசாததால்தான் அது பிழைத்தது.

அந்த நாளில் கோயில் முழுவதும் இப்படி வண்ணமாக இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சன்னல்களில் புனிதர்களின் கண்ணாடி ஓவியங்கள். சுவரெங்கும் சித்திரங்கள். கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் நடுவே மரத்தாலான தடுப்பு, அதன்மேல் பாடுபட்ட சுரூபம், இருபுறமும் மாதாவும் அருளப்பரும். பூசை லத்தீனில் நடந்தது. குருவானவர் மக்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்பத்தை உயர்த்தும்போது மணி அடிக்கும். அந்தக் கணத்துக்காகத்தான் கூட்டம் காத்திருக்கும். மொழி புரியாதவர்களுக்கு இந்த உருவங்களே பாடமாக இருந்தன.

அந்தப் பாடத்தில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. கூடத்து இருக்கைகளின் ஓர முனைகளைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். ஞானோபதேசத்தில் படிக்கும் தலையான பாவங்களையும் வேறு சில பாவங்களையும் சிறு மர உருவங்களாகச் செதுக்கியிருந்தார்கள். சோம்பல் கட்டிலைவிட்டு எழவில்லை. போசனப்பிரியன் தன் தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். லோபி பணப்பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். அவதூறு பேசுபவனுக்கு நாக்கு வெளியே தொங்குகிறது. கள்ள பக்தன் கைகூப்பி இருக்கிறான், ஆனால் கண் மூடவில்லை. இன்னொரு வரிசையில் அறுவடை முதலான பருவகால வேலைகள். முகங்கள் பல தேய்ந்தும் உடைந்தும் போயின. ஆனாலும் அந்தக் கட்டில்காரனைப் பார்த்தால், செதுக்கிய தச்சர் தன் ஊரில் யாரையோ மனத்தில் வைத்துத்தான் செதுக்கினார் என்று தோன்றுகிறது.

இதெல்லாம் கட்டி முடித்து நூறு ஆண்டு ஆவதற்குள் அடி விழுந்தது. அரசர் எட்டாம் ஹென்றி ரோமையோடு உறவை அறுத்துக்கொண்டார். 1537-ல் பிளைத்பரோ மடம் மூடப்பட்டது. அவர் மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1547 தொடங்கி, சுரூபங்கள் இறக்கப்பட்டன, சுவர்ச் சித்திரங்கள்மீது வெள்ளையடித்தார்கள், இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கும் அறக்கட்டளைகளை அரசு எடுத்துக்கொண்டது. 1553-ல் வந்த மேரி அரசி பழையபடி எல்லாவற்றையும் வைக்கச் சொன்னார். 1558-ல் வந்த எலிசபெத் மறுபடி எடுக்கச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுக்குள் ஒரே சுரூபத்தை இறக்கி, ஏற்றி, மீண்டும் இறக்கிய ஊர்கள் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்று அரசு அறிவித்த பிறகு, அதை நம்பிக் கோயிலுக்கு எழுதி வைக்க யாருக்கும் காரணமில்லாமல் போயிற்று. கோயில் கட்டும் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது.

இயற்கையும் விடவில்லை. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு காலை, வழிபாட்டு நேரத்தில் கடும் புயல். கோபுரத்தின்மேலிருந்த கூர்ங்கூம்பு இடிந்து கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அதே காலை பங்கே என்ற பக்கத்து நகரக் கோயிலிலும் இடி விழுந்தது. ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் உடனே ஒரு சிற்றேடு அச்சிட்டார். நாய் உருவில் வந்த கரிய பிசாசுதான் இதைச் செய்தது என்றார் அவர். பிளைத்பரோ வடக்குக் கதவில் கருகிய வடுக்கள் சில இருக்கின்றன. அந்த நாய் ஓடும்போது பிராண்டியது என்று இன்றும் காட்டுகிறார்கள். இடைக்காலக் கதவுகளிலும் உத்திரங்களிலும் இத்தகைய தீக்கறைகள் பல இடங்களில் உண்டு. தீமை அண்டாதிருக்க மெழுகுதிரிச் சுடரை வேண்டுமென்றே காட்டிச் சுட்ட காப்புக்குறிகள் அவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. பேய் வந்த தடயம் என்று பிற்காலத்தார் நினைத்தது, பேய் வராதிருக்க முன்னோர் வைத்த குறியாக இருக்கலாம்.

அடுத்து வில்லியம் டவ்ஸிங். அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். பாராளுமன்றப் பக்கத்துப் பியூரிட்டன்கள், கோயிலில் உருவம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். அந்த ஆணையை நிறைவேற்ற அமர்த்தப்பட்ட டவ்ஸிங், 1643 கடைசியிலும் 1644-லும் கேம்பிரிட்ஜ், சஃபோக் பகுதிகளில் சுமார் 250 கோயில்களுக்குப் போய், எங்கே எதை உடைத்தேன் என்று நாட்குறிப்பும் எழுதினார். ஒரு கோயிலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் அவருடைய கட்டணம். அதையும் அந்தந்த ஊரே கொடுத்தது. 1644 ஏப்ரலில் பிளைத்பரோவுக்கு வந்தார். உருவங்கள் இருபதை உடைத்தார். ஆன்மாவுக்காக வேண்டச் சொல்லும் கல்வெட்டு மூன்றைப் பெயர்த்தார். 200-க்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளில் அகற்றும்படி உத்தரவிட்டார். கூரையிலுள்ள வானதூதர் இருபதையும் இறக்கச் சொன்னார்.

சன்னல் ஓவியங்கள் போயின. சில துண்டுக் கண்ணாடிகள்தான் இன்று மிச்சம். ஞானஸ்நானத் தொட்டியின் முகங்களிலிருந்த சிற்பங்களையும் யாரோ வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் வானதூதர்கள் இறங்கவில்லை. அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட யார் பணம் கொடுப்பது? மனமில்லாத ஊர், காசுமில்லாத ஊர். உத்தரவு போட்டவர் அடுத்த கோயிலுக்குப் போய்விட்டார். நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த உருவங்களின் மரத்துக்குள் ஈயக் குண்டுகள் புதைந்திருந்தன. டவ்ஸிங்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1974-ல் பழுது பார்த்தபோது குண்டுகளை எடுத்துச் சோதித்தார்கள். அவை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோயில் கணக்கிலும் விடை இருந்தது. உள்ளே கூடு கட்டிய சிறுகாக்கைகளைச் சுட ஆளுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். டவ்ஸிங் செய்த கேடு போதும், செய்யாததையும் அவர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. தூண்களில் இருக்கும் வளையங்களில் பாராளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல்லின் குதிரைகளைக் கட்டினார்கள் என்ற கதையையும் அதே எச்சரிக்கையோடு கேட்டுக்கொள்வது நல்லது.

உடைத்தவர்களைவிடப் பெரிய பகை வறுமை. ஆறு தூர்ந்தது. கப்பல்கள் பெரிதாயின, ஆறு சிறிதாயிற்று. வணிகம் போயிற்று, மக்களும் போனார்கள். ஒரு செல்வ நகரம் கட்டிய கோயிலை ஓர் ஏழைக் கிராமம் தூக்கிச் சுமக்க வேண்டியதாயிற்று. இந்தக் கரையோரம் முழுவதும் இதே கதைதான். ரிச்சர்ட் ரஸலின் டன்விச் பெரும்பாலும் கடலுக்குள் போய்விட்டது. கோவ்ஹைத் ஊரார் பெரிய கோயிலின் கூரையைப் பிரித்து, இடிந்த சுவர்களுக்குள்ளேயே 1672-ல் ஒரு சின்னஞ்சிறு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். வால்பர்ஸ்விக்காரர்கள் 1690-களில் அனுமதி வாங்கித் தங்கள் பெருங்கோயிலைப் பெரும்பாலும் இடித்து, தெற்குப் பக்கக்கூடத்தின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கெஜத்துக்கு 40 ஷில்லிங் கொடுத்து எழுப்பிய அந்தக் கோபுரம் மட்டும் இடிபாட்டின் பக்கத்தில் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அந்த முடிவை எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுகும் கூரைக்கு ஈயத் தகடு வாங்க முடியாதவர்கள் வேறென்ன செய்வார்கள்?

பிளைத்பரோ இடிக்கவில்லை, பெரிதாகப் பழுதும் பார்க்கவில்லை. சன்னல் உடைந்தால் செங்கல் வைத்து அடைத்தார்கள். பீடப்பகுதி இருக்கைகள் ஒரு காலத்தில் பள்ளிக்கூட மேசைகளாயின. மைக்கூடு வைக்கும் குழிகள் அவற்றில் இருக்கின்றன. 1665-ல் டிர்க் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், வடகடலுக்கு அப்பாலிருந்து வந்தவன், தன் பெயரையும் வயதையும் அந்தப் பலகையில் கீறி வைத்திருக்கிறான். 1682 என்று ஆண்டு குறித்த மரவீரன் பொம்மை ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் கடிகாரத்தோடு இணைந்து மணி அடித்தது. இப்போது வழிபாடு தொடங்குவதை அறிவிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு வாக்கில் கூரை அவ்வளவு மோசம். மழை நாளில் மக்கள் கோயிலுக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் 1881 டிசம்பரில், ஆபத்தான கட்டடம் என்று ஆயர் இதைப் பூட்டச் சொன்னார்.

அங்கே ஒரு புதிய சண்டை தொடங்கியது. விக்டோரியா அரசி காலத்தில் இங்கிலாந்து எங்கும் கோயில்களைப் ‘புதுப்பிக்கும்’ வேலை மும்முரமாக நடந்தது. தேய்ந்த கல்லைச் செதுக்கித் தள்ளிப் புதுக்கல் வைப்பார்கள். பழைய இருக்கைகளைத் தூக்கிப் போட்டு, மெருகு போட்ட பலகைகளையும் பளபளக்கும் தரை ஓடுகளையும் போடுவார்கள். இடைக்காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாங்களாகவே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, உண்மையான இடைக்காலத்தைக் கூட்டி அள்ளினார்கள். இதை எதிர்த்து, கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மாரிஸ் 1877-ல் தொன்மைக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஒழுகலை அடை, சாய்வதைத் தாங்கு, அழுகியதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்பது அவர்கள் கொள்கை. பிளைத்பரோ புனரமைப்புக் குழுவுக்கும் இந்தச் சங்கத்துக்கும் 1881-இலிருந்து 1906 வரை வாக்குவாதம் நடந்தது. ஊராருக்கோ அவசரம். நாங்கள் ஜெபிக்கக் கூரை வேண்டும், லண்டன்காரர்கள் தடுக்கிறார்களே என்ற வருத்தம் அவர்களுக்கு. கோயிலை 1884-ல் திறந்துவிட்டார்கள். ஆனால் வேலைகள் மெதுவாகவும், பணம் வந்த அளவுக்குத் துண்டுதுண்டாகவும்தான் நடந்தன.

என் தீர்ப்பு இது. பிளைத்பரோவைக் காப்பாற்றியதில் முதல் பங்கு அதன் பணமின்மைக்கு, இரண்டாம் பங்கு அந்தச் சங்கத்தாரின் பிடிவாதத்துக்கு. பணம் இருந்திருந்தால் 1880-களிலேயே அந்த வண்ணக்கூரையைக் கழுவித் துடைத்து, வார்னிஷ் அடித்திருப்பார்கள். கட்டில்காரச் சோம்பேறிக்குப் புதிய முகம் வந்திருக்கும். ஆனால் வறுமை கொஞ்சம் அதிகமாகியிருந்தாலும் இது இன்னொரு கோவ்ஹைத் ஆகியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

20-ஆம் நூற்றாண்டில் கோயிலுக்கு வேறொரு பயனும் வந்தது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் முதலானோர் 1948-ல் தொடங்கிய ஆல்ட்பரோ இசைவிழாவின் கச்சேரிகள் இங்கேயும் நடக்கின்றன. 1969-ல் விழாவின் முதல் நாள் இரவிலேயே ஸ்னேப் ஊரிலுள்ள அவர்களுடைய அரங்கம் எரிந்துபோனபோது, மோட்சார்ட்டின் இசைநாடகம் ஒன்றை இந்தக் கோயிலுக்குத்தான் மாற்றி நடத்தினார்கள்.

இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைகளையோ வேலை பார்க்கும் உறவினரையோ பார்க்கப் போகிறவர்கள் நம்மில் பலர். லண்டனைச் சுற்றி முடித்த பிறகு ஒரு நாள் மிஞ்சினால் சஃபோக் கரைக்குப் போங்கள். காலையில் கோவ்ஹைத் இடிபாட்டைப் பாருங்கள், பிறகு வால்பர்ஸ்விக் கோபுரத்தடியில் நில்லுங்கள், பிற்பகலில் பிளைத்பரோவுக்கு வாருங்கள். அந்த வரிசையில் பார்த்தால்தான் எது தப்பியது என்பது உறைக்கும். கையில் ஒரு பைனாகுலர் இருக்கட்டும், வானதூதர்கள் வெகு உயரத்தில் இருக்கிறார்கள். வெளியே வரும்போது உண்டியலில் ஏதாவது போடுங்கள். அந்தக் கூரையைப் பார்த்துக்கொள்ள இப்போதும் இருப்பது அந்த 300 பேர் கொண்ட ஊர்தான்.